மாடசாமியும் சம்சாரமும்

ஜூன் 13, வெள்ளி

மழை. பள்ளிக்கூடத்துக்குக் கலெக்டர் லீவு. அம்மாவுக்கு லீவு கிடையாது. பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு தேயிலைக் கொழுந்து எடுக்கப் போய்விட்டார்.

செய்ய வேண்டியவை: கணக்குப் பயிற்சி. குடைக்கம்பி. டப்பாப் படங்கள்.

டப்பா பற்றி இந்த நோட்டில் இன்னும் எழுதவில்லை. போன மாதம் ஒழுகும் இடத்தைப் பார்க்க அப்பா கூரைக்கு அடியில் இருக்கும் மேல்தட்டியைக் கழற்றியபோது விழுந்த பிஸ்கட் டப்பா. உள்ளே பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். எஸ்டேட்டில் வேலை முடிந்தால், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த இந்த லயத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும். அப்படி அவசரமாக மலையிறங்கிய யாரோ மறந்தது. ஒரே குடும்பத்தின் படங்களும் அல்ல. ஒரு காலத்தில் இந்த லயத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கலந்து கிடக்கிறார்கள்.

ஒவ்வொரு படத்தையும் உயிரோடு இருக்கிற சொந்தக்காரர் கையில் சேர்ப்பது என்று முடிவு. முறை: படத்தின் பின்னால் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது. எங்கள் எஸ்டேட் டிவிஷனின் பழைய ஆட்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் கேட்பது. காலண்டர் தாளின் பின்பக்கம் குடும்ப மரம் போடுவது. ஆண் சதுரம், பெண் வட்டம்.

முதல் படம் தோல்வி. படத்தில் இருப்பவரின் பேரன் தேனியில். போனில்: "செத்தவுக மூஞ்சியப் பாத்து இப்ப என்ன ஆகப்போகுது? நீயே கிழிச்சுப் போட்டுரு."

கிழிக்கவில்லை. அகராதிக்குள் வைத்திருக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

இரண்டாவது படம். ஸ்டுடியோவில் எடுத்தது. பின்னால் ஏரியும் அன்னமும் வரைந்த திரை. ஒருவர் நாற்காலியில், முறைத்துக்கொண்டு. பக்கத்தில் பட்டுச் சேலையில் ஒரு பெண், நின்றபடி. படம் நனைந்து, அவர் கன்னத்தில் பாதியை ஈரக்கறை மூடியிருக்கிறது. படத்தின் பின்னால் பென்சிலில்: மாடசாமியும் சம்சாரமும்.

சம்சாரத்துக்குப் பெயர் இல்லை. அந்தக் காலத்தில் எழுதமாட்டார்கள் போல.

குழுவில் போட்டேன். மத்தியானம் உடுமலையிலிருந்து செல்வி அத்தையின் குரல் செய்தி: "நம்ம மாடசாமியண்ணன் தான்டி. அவரு மகன் கருப்பசாமி போடிமெட்டுல ஜீப்பு ஓட்டுதாரு. பாவம், கைப்பிள்ளையிலயே ஆத்தாளப் பறிகுடுத்தவரு."

ஆத்தா பெயர் பேச்சியம்மாள் என்றும் அத்தையே சொன்னார். மரத்தில் எழுதிவிட்டேன். மாடசாமி சதுரம், பேச்சியம்மாள் வட்டம், கீழே கருப்பசாமி. எவ்வளவு சுலபம்!

சாயந்தரம் கருப்பசாமிக்குப் போன். மேட்டில் ஏறினால்தான் சிக்னல். காலில் அட்டை.

"எங்கம்மா போட்டோவா?" என்று கேட்டார். "எங்கம்மா மொகத்த நான் பாத்ததே இல்ல பாப்பா. ஒரு படமும் கெடையாது."

வருஷா வருஷம் படையலுக்குப் படம் வைக்கும் இடத்தில் ஒரு சேலையை மடித்து வைத்துத்தான் கும்பிடுகிறாராம்.

"நல்லாத் தெரியுமா பாப்பா? எங்கம்மாதானா?"

"உங்க அம்மாதான் மாமா" என்றேன்.

ஜூன் 18, புதன்

வந்தார். காக்கிச் சட்டை, நரைத்த மீசை. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, கையைத் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கினார்.

வெகுநேரம் பார்த்தார். "எங்கப்பன் முழிக்கிற முழியப் பாரு, படத்துலயும் யாரையோ வையிறான்" என்று சிரித்தார். அப்புறம் முகம் கோணிவிட்டது.

"இம்புட்டுச் சின்னப் பிள்ளையா எங்கம்மா? எம் மகளவிடச் சின்னதா இருக்கு."

அப்பா என்ன செய்வது என்று தெரியாமல், "அண்ணே, டீ ஆறுது" என்றார்.

ஸ்டுடியோவில் கறையை எடுத்துப் பெரிதாகப் போட்டுத் தரச் சொல்லப் போகிறாராம். 29ஆம் தேதி படையல். இந்த வருஷம் படத்தோடு. நாங்களும் வர வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

கணக்கில் குறைந்த மதிப்பெண். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

அப்பா டீக்கடையில், "எம் மக துப்பறியுறதுல புலி" என்று பெருமை அடித்தாராம். அம்மா: "ஊரான் வீட்டு ஆத்தாளையெல்லாம் தேடிப் பிடிக்கிறா. பெத்த ஆத்தா குடத்துல தண்ணி இருக்கான்னு பாக்க ஆளில்ல."

மற்ற படங்களில் பெயரே இல்லை. மூன்று குழந்தைகள் ஒரு நாயோடு. யாருக்கும் தெரியவில்லை. கேட்டவர்களில் பாதிப்பேர் பதிலே போடுவதில்லை.

ஜூன் 29, ஞாயிறு

போடிமெட்டு. மஞ்சு மூடி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஏலக்காய் வாசனை மட்டும்.

படம் சுவரில், பெரிதாக. ஸ்டுடியோக்காரர் மாடசாமியை வெட்டிவிட்டு, சேலைக்குப் பச்சை நிறம் கொடுத்திருந்தார். நெற்றியில் சந்தனப் பொட்டு. சம்பங்கி மாலை. மின்னி மின்னி எரியும் சிறிய பல்பு. முன்னால் வாழை இலையில் சோறு, அவியல், அதிரசம்.

மாமாவின் மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். போடியிலிருந்து ஒரு வயதான அம்மாவும் வந்திருந்தார். மாமா கையைப் பிடித்து அழைத்து வந்து, "சித்தி, இங்க வா. அக்காவப் பாரு" என்றார்.

சித்தி என்று ஒருவர் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பெயர் வீரம்மாள். படத்தை நிமிர்ந்து பார்த்தார். சூடம் காட்டினார்கள். எல்லோரும் கும்பிட்டோம். அவரும் கும்பிட்டார்.

பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு கை கழுவ வெளியே வந்தார்.

"நீதான் கண்டுபிடிச்ச பிள்ளையா?"

"ஆமா அம்மாச்சி."

"அது நாந்தான்."

அவருக்கு நினைவு குழம்பிவிட்டது என்று நினைத்தேன். இல்லை.

"அக்கா போன மறு வருசம் என்னைய அத்தானுக்கே கட்டி வச்சாக. கைப்பிள்ள இருக்குல்ல. புதுச் சேல எடுக்கல. அக்கா சேலயக் கட்டித்தான் ஸ்டுடியோவுல நிறுத்துனாக. பெறவு எங்கண்ணன், பிள்ளைய மலையில விட மாட்டேன்னு போடிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாரு. இவன் திரும்பி வரும்போது மீச மொளச்சிருச்சு. நான் மொகம் காஞ்சு, கொழுந்துக் கூடையும் கம்பளியுமா நின்னேன். என்னைய ஒருநா அம்மான்னு கூப்பிட்டதில்ல."

உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போட்டால் ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும். அவரையே அதன் முன்னால் நிற்க வைத்துக் கும்பிடவும் வைத்தோம்.

"இப்பவே போய் மாமாகிட்டச் சொல்லிடுதேன் அம்மாச்சி. தப்பு என்னோடதுதான்."

தோளை இறுக்கிப் பிடித்தார். "இத்தன வருசம் சேலைக்குக் கும்புடு போட்ட பய. இன்னைக்குத்தான் ஒரு மொகத்தப் பாத்திருக்கான். பிடுங்கவா போற?"

"மாலை போட்டிருக்காங்களே..."

"நான் போன பெறகு சொல்லு. அப்ப மாலையக் கழட்ட வேண்டியதில்லல்ல."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். உள்ளேயிருந்து மாமா, "சித்தி, சாப்பிட வா, எல போட்டாச்சு" என்று கூப்பிட்டார். அந்தப் படத்துக்குக் கீழேதான் அவருக்கு இலை.

திரும்பும்போது ஜீப்பில் எனக்கு வாந்தி. வளைவுகளால் என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

ஜூன் 30, திங்கள்

மழை. காய்ச்சல் என்று சொல்லிப் பள்ளிக்குப் போகவில்லை.

எல்லோரிடமும் யாருக்கு மகன், யாருக்கு மகன் என்றே கேட்டேன். மாடசாமி மறுபடி கட்டினாரா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. கைக்குழந்தையை விட்டுவிட்டு அக்கா இறந்தால் தங்கையைக் கட்டி வைப்பார்கள். அம்மாவுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. "பின்ன? பிள்ளைய யாரு பாத்துக்குவா?" என்கிறார். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் சொல்லவில்லை.

மரத்தில் இன்னொரு வட்டம் போட்டு வீரம்மாள் என்று எழுதினேன். தாளைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

பேச்சியம்மாளுக்கு முகம் எங்குமே இல்லை. அது மாமாவுக்குத் தெரியாது; தெரிந்தது மூன்று பேருக்குத்தான்: சித்திக்கு, எனக்கு, இந்த நோட்டுக்கு.

ஜூலை 2, புதன்

இயற்பியல் தேர்வு, சுமார். பக்கத்து வீட்டில் பூனை குட்டி போட்டிருக்கிறது.

ஆறு மணிக்கு மேட்டில் இருந்தபோது மாமாவிடமிருந்து போன். குரலில் அவ்வளவு குஷி. மகள் பிள்ளையோடு மறுபடி வந்திருக்கிறாளாம்.

"பாப்பா, எம் பேத்தி எங்கம்மாவ உரிச்சு வச்சாப்புல இருக்கான்னு வாரவுக எல்லாம் சொல்லுதாக. நீதான் படத்த நல்லாப் பாத்தவ. பிள்ளையவும் அன்னைக்குப் பாத்தயில்ல. நெசமா சொல்லு, இருக்கா?"

மேட்டில் காற்று. சிக்னல் போய்விடும், பதில் சொல்ல வேண்டியிருக்காது என்று கொஞ்சம் காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார்.

"ஆமா மாமா, அதே மூக்கு" என்றேன்.