பதினோராவது குழாய்

மார்ச் 3
இயந்திரம் வந்துவிட்டது. லேபில் ஜன்னலோரத்திலிருந்த என் மேசையை நகர்த்திவிட்டு அதை அங்கே வைத்தார்கள்.
பதினேழு வருடமாகப் பச்சிளம் குழந்தைகளின் ரத்தத்தைக் கையால்தான் தயார் செய்கிறேன். பிளாஸ்மாவை அளந்தெடுத்து, குளிர்ந்த மெத்தனால் விட்டு, சுழற்றி, மேலே தெளிவதை மட்டும் எடுக்க வேண்டும். பிறவி நோயைக் காட்டும் அமினோ அமிலம் ஏறியிருக்கிறதா என்று அதன் பிறகுதான் பார்க்க முடியும். நாள் முழுக்க நான் செய்வது நாற்பது. அது ஒரு மணி நேரத்தில் தொண்ணூறு.

மார்ச் 9
ஒப்பீடு தொடங்கியது: ஒரே ரத்தத்தை நானும் செய்தேன், அதுவும் செய்தது. எத்தனை முறை செய்தாலும் அதன் எண்கள் அசையவே இல்லை; என்னுடையவை கொஞ்சம் அசைந்தன. "உங்க கை நல்ல கைங்க. ஆனா கைதானே," என்றார் அதோடு கம்பெனியிலிருந்து வந்திருக்கும் மெஷின்காரர். நல்ல மனுஷன். அதுதான் எரிச்சல்.

மார்ச் 16
ஒப்பீடு சரியாக முடிந்தால் பிரிவுக்கு ஒரு ஆள் போதுமாம். இருப்பது நானும் கூட வேலை செய்யும் இளையவளும். அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியும். "உங்களுக்கே புரியும்மா," என்றார் தலைமை டாக்டர்.
வீட்டுக்காரர், "நீ இல்லாம அவங்களால முடியுமா?" என்கிறார். முடியும் என்று எப்படிச் சொல்ல?

மார்ச் 21
பதினோராவது குழாயில் எங்கள் எண்கள் ஒட்டவில்லை. கொழுப்பேறி, பால் போல வெளுத்த பிளாஸ்மா. என் எண் எல்லைக்கு மேலே; குழந்தையை உடனே வார்டில் சேர்த்துவிட்டார்கள். இயந்திரத்தின் எண்படி குழந்தைக்கு ஒன்றுமில்லை.
மெஷின்காரருக்குக் காரணம் பிடிபடவில்லை. எனக்குத் தெரியும். கெட்டியான பிளாஸ்மா உறிஞ்சும் முனையில் மெதுவாகத்தான் ஏறும். இயந்திரம் அவசரப்பட்டுக் காற்றையும் சேர்த்து இழுக்கிறது; பிளாஸ்மா குறைந்து எண்ணும் குறைகிறது. வாயைத் திறக்கவில்லை. ஒப்பீடு தோற்றால் அது வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். நான் கெட்டவளா? தெரியல. பதினேழு வருஷம் —

மார்ச் 26
"கைப்பிழை" என்று எழுதி அந்தக் குழாயை மட்டும் விட்டுவிடலாம் என்கிறார் டாக்டர். நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் ஏப்ரலில் இயந்திரம் தனியாக ஓடும். இதே மாதிரி இன்னொரு குழந்தையை, நல்லாருக்கு என்று வீட்டுக்கு அனுப்பும்.
போட மாட்டேன். ஆனா நான் போடலன்னா இளையவள போடச் சொல்லுவாங்க.

மார்ச் 27
சொல்லிவிட்டேன். "மெதுவா இழுக்கட்டும். இழுத்துட்டு ரெண்டு செகண்ட் அப்படியே நிக்கட்டும்."
மெஷின்காரர் ஏதோ தட்டினார். பதினோராவதில் மீதியாக ஃப்ரீசரில் இருந்ததை மறுபடி ஓட்டினோம். என் எண்ணே வந்தது.
"அக்கா, இத எங்க கம்பெனில ஒருத்தருக்கும் தோணலயே!"
சிரித்து வைத்தேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 2
ஒப்பீடு முடிந்தது. ஒரு குறையும் இல்லை. கைதட்டினார்கள். நானும்.

ஏப்ரல் 24
ரத்தம் வாங்கும் கவுண்டரில் மூன்றாவது வாரம். வருகிற குழாய்களில் ஸ்டிக்கர் ஒட்டுகிறேன்.
கைக்குழந்தையோடு வந்த ஒருவர் கேட்டார்: "இத உள்ள யாருங்க பாப்பாங்க?"
"மெஷின் பாக்கும். நல்லா பாக்கும்," என்றேன்.
அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.