யவன முகத்தின் அச்சு

மார்ச் 3

சார்சத்தாவில் விடாத மழை. அகழாய்வுக் குழிகளில் தண்ணீர். கொட்டகையில் உட்கார்ந்து சுடுமண் தலைகளை வரைந்தேன். நடு வகிடு, அலையலையாய்க் கூந்தல், நேர் மூக்கு — அச்சில் அழுத்திய அசல் யவன முகம். கழுத்துக்குக் கீழே விரலால் பிடித்து வைத்த நம்மூர் உடம்பு.

நாங்கள் தோண்டும் மேட்டை வீட்டுமனைக்காரர்கள் கேட்கிறார்கள். இருபதாம் தேதி கோர்ட்டில் விசாரணை. எங்கள் அகழாய்வுத் தலைவர் இக்ராம் சாகிப் இன்றும் அதையேதான் சொன்னார்: "தலையை வெச்சு ஒண்ணும் நடக்காது ஸர்கூனா. எவனோ வியாபாரி கொண்டு வந்து போட்டான்னு வக்கீல் சொல்லிடுவான். இங்கதான் செஞ்சாங்கன்னு காட்டணும். ஒரே ஒரு அச்சு தோண்டி எடுங்க, மேட்டைக் காப்பாத்திடலாம்."

மார்ச் 8

சாம்பல். கரி. அச்சு இல்லை.

மார்ச் 11

ஒரு தலையை ஈரம் காய வீட்டுக்கு எடுத்து வந்தது வினையாய்ப் போயிற்று. கறிக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்த அத்தை, ஜாடியின் மண்மூடியை டப்பென்று சாத்தினாள். "மூஞ்சி இருக்கிற வீட்டுக்குள்ள வானத்து மலக்குமார் வருவாங்களாடி? தொழுகை கூடுமா? கொண்டுபோய் எருமைப் பக்கத்துல வை!"

வைத்தேன். எருமை ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 19

கடைசிக் குழியும் வெறும் குழி. ஏன் இவ்வளவு ஆசைப்பட்டேன்?

மார்ச் 20

தோற்றோம்.

மார்ச் 24

புல்டோசர் வந்துவிட்டது. ஓட்டுநர் நல்ல மனிதன். "தள்ளி நில்லுங்க அக்கா, கண்ணுல தூசி விழும்" என்றான். தூசிதான் என்று சொல்லிக்கொண்டே அழுதேன். மத்தியானத்துக்குள் மேடு தரையாயிற்று.

ஏப்ரல் 6

உப்பு ஜாடியைக் கழுவ எடுத்தேன். மூடியின் அடிப்பக்கம் குழிவு. பழைய உப்பு கல்லாய் அப்பிக் கிடந்தது. சுரண்டச் சுரண்ட வரிவரியாய் — ஐயோ. ரொட்டி மாவை எடுத்து அதில் அழுத்தினேன். பெயர்த்தால் நடு வகிடு, அலைக் கூந்தல், அதே மூக்கு. அவளேதான்.

"அத்தே, இது ஏது?"

"மூடியா? நான் கல்யாணமாகி வந்த புதுசுல கரும்புக்கு எருவா மேட்டு மண்ணைக் கொட்டினாங்க. அதுல கிடந்துச்சு. வெறும் குழிதானேடி, அதுல என்ன..." மாவைப் பார்த்துவிட்டாள். "தௌபா! தௌபா!" கன்னத்தில் போட்டுக்கொண்டு, மாவைப் பிடுங்கிப் பிசைந்து ரொட்டியாக்கிவிட்டாள்.

முகத்தைத்தானே இந்த வீட்டில் விரட்டினோம். குழியை யார் சந்தேகப்பட்டார்கள்? நானும் தினம் அதைத் திறந்து மூடியவள்தானே!

ஏப்ரல் 7

இக்ராம் சாகிப் அச்சை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். "தோண்டி எடுத்திருந்தா சான்று. சமையல்கட்டுல எடுத்தா சட்டி" என்றார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "மேடே போச்சு. இனி இதை வெச்சு எதைக் காப்பாத்தறது? நீங்களே வெச்சுக்குங்க."

சாயங்காலம் மறுபடி மழை. உப்பு நீர்த்துப்போகிறதே, மூடி எங்கே என்று அத்தை கேட்டாள். "அந்தக் குழிப் பக்கம் மட்டும் கீழ இருக்கட்டும், என்ன?"

கொடுத்துவிட்டேன்.