அந்த உலகத்துப் பாப்பா

ஈப்போ,
9 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தினேசு எழுதுவது. அண்ணியும் பிள்ளையும் நலமா? அங்கே குளிர் விட்டதா? வாட்ஸ்அப்பில் எதைக் கேட்டாலும் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுப் போய்விடுகிறாய். போன் பண்ணினால் எனக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது. அதனால் மின்னஞ்சலில் கடிதமாகவே எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

நம் பாப்பாக்காவுக்குக் கால் சரியில்லை. தைப்பூசத்தன்று செருப்பில்லாமல் தார் ரோட்டில் குனோங் சீரோ கோயில் வரைக்கும் நடந்தாள். இனிப்புநீர் நோயுள்ள உடம்பு, பாதம் சுட்டது அவளுக்குத் தெரியவே இல்லை. இடது காலில் கொப்புளம் வந்து உடைந்து, பெருவிரலுக்குக் கீழே புண்ணாகிவிட்டது. சுங்கை சிப்புட் கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி கட்டுப் போட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் வரச் சொன்னார். கொஞ்ச நாள் போனாள். இப்போது போவதில்லை.

அதற்குக் காரணம் நீ.

முகத்தைச் சுளிக்காதே, சொல்கிறேன். போன வருடம் இங்குள்ள தமிழ் மன்றத்துக்கு நீ இணையத்தில் ஒரு சொற்பொழிவு செய்தாய் அல்லவா? இழைக் கோட்பாடு, இணை உலகங்கள் என்று நன்றாகத்தான் பேசினாய். கடைசியில் மட்டும், "உங்கள் ஒவ்வொருவருக்கும் இன்னொரு உலகத்தில் இன்னொருவர் இருக்கலாம். அவருக்கு உங்கள் நோய் இல்லாமல் இருக்கலாம்" என்று சொல்லிக் கைதட்டு வாங்கினாய். அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு, இங்கே புந்தோங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் 'மாஸ்டர்' கார்த்திகேசு என்ற ஆள் வகுப்பு நடத்துகிறான். நோயில்லாத உலகத்துக்கு மனத்தால் மாறிப் போகலாமாம். டாக்டரிடம் போனால் நோயுள்ள உலகத்தை நாமே தேர்ந்தெடுத்ததாகிவிடுமாம்.

அக்கா சுங்கை சிப்புட்டிலிருந்து பஸ் ஏறி அங்கே போகிறாள். நான் சத்தம் போட்டதற்கு, "நம்ம பவி தம்பியே சொல்லிட்டான்லா. அந்த ஒலகத்துல என் காலு நல்லாத்தான் இருக்காம். இவரு அங்க போற வழியத்தான் காட்டுறாரு" என்கிறாள். போன மாதம் நீ அந்த ஆளுக்கு வாழ்த்துக் காணொளி வேறு அனுப்பியிருக்கிறாய். வகுப்பு தொடங்கும் முன் அதைத்தான் போடுகிறார்கள்.

ஒரு நிமிடக் காணொளி போதும். இதற்கு ஆதாரம் எதுவும் இல்லை, யாரும் எந்த உலகத்துக்கும் மாற முடியாது, கிளினிக்குக்குப் போங்கள் என்று சொல். சோதித்துப் பார்க்க முடியாத ஒன்றை அறிவியல் என்று அழைக்கலாமா என்பதை நாம் பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம்.

உன் தங்கை,
தினேஸ்வரி


உத்ரெக்ட்,
14 மார்ச் 2025

அன்பு தினேசு,

உன் கடிதம் பார்த்து மனம் சங்கடப்பட்டது. அக்காவிடம் உடனே பேசினேன். குரலில் நல்ல தெம்பு இருக்கிறது. கிளினிக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கார்த்திகேசு எனக்கு எழுதியபோது அறிவியலைத் தமிழில் பரப்புகிறவர் என்றுதான் நினைத்தேன். அவர் சொல்வதும் நான் சொல்வதும் ஒன்றல்ல. எங்கள் சமன்பாடுகளுக்கு எண்ண முடியாத அளவு தீர்வுகள் வருகின்றன. ஒவ்வொன்றும் ஒரு பிரபஞ்சமாக இருக்கலாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் பாதை இல்லை.

சோதிக்க முடியாதது அறிவியல் இல்லை என்று நீ பள்ளிக்கூடத்துப் பாணியில் சொல்லிவிடுகிறாய். ஒரு காலத்தில் அணுவையும் யாரும் பார்க்கவில்லை. பெரிய மனிதர்களே கேலி செய்தார்கள். பிறகு கருவி வந்தது. எங்களுக்கும் ஒருநாள் வரலாம். இவ்வளவு அழகான கணிதம் வீணாகப் போகாது என்று நான் நம்புகிறேன்.

காணொளி விஷயம் இப்போது வேண்டாமே. இங்கே நிலைமை உனக்குத் தெரியாது. எங்கள் இயற்பியல் துறையிலேயே ஒருவர் இழைக் கோட்பாடு அறிவியலே அல்ல என்று பத்திரிகையில் எழுதிவருகிறார். எங்கள் ஆய்வுக்குழுவைத் தொடர்வதா கலைப்பதா என்று கோடைக்குள் முடிவு செய்யப்போகிறார்கள். என் வாயாலேயே 'ஆதாரம் இல்லை' என்று சொன்னால் அதை வெட்டிப் போட ஆள் காத்திருக்கிறது. என் புத்தகமும் முடியும் கட்டத்தில் இருக்கிறது. கொஞ்சம் பொறு.

உன் பிரியமுள்ள,
பவித்ரன்


ஈப்போ,
24 மார்ச் 2025

அண்ணா,

நேற்று ஞாயிற்றுக்கிழமை அந்த வகுப்புக்கு நானும் போனேன். நீ அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.

முதலில் திரையில் உன் முகம் வந்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். பக்கத்தில் இருந்தவர்களிடம் அக்கா, "என் தம்பி, என் தம்பி" என்று சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போனாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, எல்லாரையும் கண்ணை மூடி 'மற்ற' உடம்பைப் பார்க்கச் சொன்னான். வாய் கோணிய ஒருவர், சிறுநீரகம் போன ஓர் அம்மா, நடுவில் நம் அக்கா. காலில் கட்டு இல்லை. பழைய துணியைச் சுற்றிப் பிளாஸ்டிக் பையைக் கட்டியிருந்தாள்.

செத்த எலி நாற்றம். அறை முழுக்க ஊதுவத்தி கொளுத்தியும் அடங்கவில்லை. மாஸ்டர் ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்துக்கொண்டு வந்தான். அக்கா பக்கம் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, எட்ட நின்று விரல் நுனியால் தொட்டுவிட்டு, மின்விசிறி இருக்கும் பக்கம் நகர்ந்துகொண்டான். எந்த உலகத்தில் அவள் கால் மணத்ததோ, அவன் மூக்கு மட்டும் இந்த உலகத்தில்தான் இருந்தது.

வெளியே வந்து அவனைப் பிடித்துக் கேட்டேன். "டீச்சர், இது பொய்னு நிரூபிக்க முடியுமா? ஒங்க அண்ணனாலயே முடியாது" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். நீயும் அதைத்தானே எழுதியிருக்கிறாய், கொஞ்சம் படித்த தமிழில்?

அணுவைச் சொன்னாய். அணு இருக்கிறது என்றவர்கள், இன்னது நடந்தால் நாங்கள் சொன்னது தப்பு என்றும் சொன்னார்கள். பள்ளியில் என் ஆறாம் படிவ அறிவியல் பிள்ளைகளிடம் நான் கேட்பதையே உன்னிடமும் கேட்கிறேன். என்ன நடந்தால் "நான் சொன்னது தப்பு" என்று ஒப்புக்கொள்வாய்? ஒன்றைச் சொல், போதும்.

அக்காவைக் கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன். காரில் ஏற மறுத்துவிட்டாள். நீ சொன்னால் ஏறுவாள். 'கிளினிக்கையும்' என்று இல்லை, 'கிளினிக்குக்கு மட்டும்' என்று சொல்.

தினேஸ்வரி


உத்ரெக்ட்,
28 மார்ச் 2025

அன்பு தினேசு,

நீ வருந்துவது புரிகிறது. உன் கேள்விக்கு நேர்மையான பதில், இப்போதைக்கு அப்படி ஒன்று இல்லை என்பதுதான். எந்தச் சோதனை முடிவு வந்தாலும் அதற்குப் பொருந்தும்படி ஒரு தீர்வை எங்களால் கண்டுபிடித்துவிட முடியும். அதைக் குறையாக நீ பார்க்கிறாய். அது கோட்பாட்டின் வளம் என்று நாங்கள் பார்க்கிறோம்.

காணொளிக்குப் பதிலாக ஓர் அறிக்கை எழுதியிருக்கிறேன். "இணை உலகங்கள் குறித்த ஆய்வு வளர்ந்துவரும் ஒன்று. அதன் நடைமுறைப் பயன்கள் பற்றிய கருத்துகள் அவரவருடைய சொந்தக் கருத்துகளே." இதைத் தமிழ் மன்றத்தின் பக்கத்தில் போடச் சொல். இதற்கு மேல் இப்போது என்னால் முடியாது.

அக்காவுடன் நேற்றும் பேசினேன். நன்றாகச் சிரித்துப் பேசினாள். நோயில் பாதி மனம்தான், தினேசு. அந்த நம்பிக்கையை ஒரேயடியாகப் பிடுங்கிவிடவும் எனக்கு மனம் வரவில்லை.

அன்புடன்,
பவித்ரன்


ஈப்போ,
6 ஏப்ரல் 2025

அண்ணா,

அக்காவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

காய்ச்சலில் நினைவு தப்பிச் சமையலறையில் கிடந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக் கனகராஜ் கதவை உடைத்துத் தூக்கியிருக்கிறார். தூக்கும்போது அவர் சட்டையெல்லாம் சீழ். ஆஸ்பத்திரியில் துணியைப் பிரித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். மூன்று விரல் கறுத்திருந்தது. புழு இருந்தது. எழுதக் கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன், நீ படிக்க வேண்டும்.

உன் கோட்பாட்டைச் சோதிக்கவே முடியாது என்றாய். சோதித்துவிட்டார்கள். பாப்பாக்காவின் காலில் வைத்துச் சோதித்துவிட்டார்கள். முடிவைக் குப்பைப் பையில் கட்டி எடுத்துப் போனார்கள்.

அந்த மாஸ்டர் என்ன சொல்லி அனுப்பியிருக்கிறான் தெரியுமா? அக்கா மனத்தில் சந்தேகம் வந்துவிட்டதாம், அதனால் தப்பான உலகத்தில் மாட்டிக்கொண்டாளாம். உன் கணக்கைப் போலத்தான் அவன் கணக்கும். எது நடந்தாலும் பொருந்திவிடுகிறது.

அதைவிடக் கேவலம், அக்கா அதை நம்புகிறாள். வார்டில் மிஸ்ஸிகளிடமெல்லாம், "நெதர்லாந்துல இருக்குற என் தம்பிய கேளுங்க, இன்னொரு பாப்பாவுக்கு ரெண்டு காலும் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உன் பத்து வயதில் நமக்கு அம்மா இல்லாமல் போனபோது, விடியுமுன் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போய் உன்னைப் படிக்கவைத்தவள் அவள். நன்றிக்காகக் கேட்கவில்லை. நீ சொன்னால்தான் கேட்பாள் என்பதற்காகக் கேட்கிறேன். நேரில் வா. அவள் முகத்தைப் பார்த்து, "எனக்குத் தெரியாதுக்கா, அது வெறும் கணக்கு, உன் கால் இது ஒன்றுதான்" என்று சொல்.

தினேஸ்வரி


உத்ரெக்ட்,
27 ஏப்ரல் 2025

அன்பு தினேசு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். விமான நிலையத்துக்கு வரும் வழியெல்லாம் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ சொன்னதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, அந்தப் பாப்பா நடக்குறாளாய்யா?" என்று கேட்டபோது வேறு எதுவும் வாயில் வரவில்லை. "நடக்குறாக்கா, நல்லா நடக்குறா" என்றேன். அவள் முகம் மலர்ந்ததை நீயும் பார்த்தாய். காலை இழந்தவளிடமிருந்து அதையும் பறிக்கச் சொல்கிறாயா? நான் பொய் சொல்லவில்லை. அப்படி ஒருத்தி இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு நல்ல செய்தி. ஆய்வுக்குழு தொடரும் என்று கிட்டத்தட்ட உறுதியாகிவிட்டது. புத்தகமும் அச்சுக்குப் போகிறது. முதல் பக்கத்தில் 'எல்லா உலகங்களிலும் நடந்துகொண்டிருக்கும் என் அக்காவுக்கு' என்று போடப்போகிறேன். அக்காவின் பழைய படம், தோட்டத்தில் நின்று எடுத்தது, உன்னிடம் இருக்குமே, அனுப்பி வைக்கிறாயா?

என்றும் உன்,
அண்ணன்


ஈப்போ,
18 மே 2025

திரு. பவித்ரன் அவர்களுக்கு,

படம் அனுப்பமாட்டேன். அக்காவின் பெயரோ காலோ உங்கள் புத்தகத்தில் எங்கும் வரக்கூடாது. ஒரு பிரதி இந்த வீட்டுக்கு வந்தாலும் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

நீங்கள் அதை இரக்கம் என்கிறீர்கள். நானும் அப்படி நினைத்துப் பார்க்க முயன்றேன். அன்று நீங்கள் வார்டில் அக்காவுக்குச் சாத்துக்குடி உரித்துக் கொடுத்தீர்கள். கட்டிலில் கால் இருக்க வேண்டிய இடத்தில் போர்வை தட்டையாகக் கிடந்தது. அந்தப் பக்கம் மட்டும் நீங்கள் பார்க்கவே இல்லை. அந்த மாஸ்டர் மின்விசிறிப் பக்கம் நகர்ந்தது போலவே இருந்தது. இரக்கம் உள்ளவன் அந்த இடத்தைப் பார்ப்பான்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்குப் பெயர்தான் அறிவியல் என்று என் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் சமன்பாடுகள் எனக்குப் புரியாது. ஒருவேளை என்றைக்காவது நிஜமாகிவிடவும் கூடும். அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. யாரும் மறுக்க முடியாது என்று தெரிந்துகொண்டே, கேட்பவளுக்கு இனிப்பாக இருப்பதை எடுத்துக் கொடுத்தீர்களே, அதைத்தான் சகிக்க முடியவில்லை. அதற்குக் கைதட்டும் வாங்கிக்கொண்டீர்கள்.

நீங்கள் போனபிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அக்காவை என்னோடு ஈப்போவுக்குக் கூட்டிவந்துவிட்டேன். செயற்கைக் காலுக்கு அளவெடுக்க வந்தவர்களை, "எனக்கு எதுக்கு? நான் நடந்துகிட்டுத்தானே இருக்கேன்" என்று திருப்பி அனுப்பினாள். வெயில் காலத்தில் வலது காலில் காலுறையைப் போட்டுக்கொண்டு கழற்றவே மாட்டேன் என்றாள். வியாழக்கிழமை பள்ளி விட்டு வந்தபோது கூடத்தில் அந்த நாற்றம் லேசாக அடித்தது.

கேட்டேன். "ஒண்ணுமில்ல, போடி" என்றாள். மண்டியிட்டு அந்தக் காலைப் பிடித்தேன். என் தலையில் அடித்தாள், முடியைப் பிடித்து இழுத்தாள். "தம்பி சொல்லிட்டுப் போனத நீ கெடுக்கப் பாக்குற, நீ பாத்தா அது உண்மையாயிரும்டி" என்று கத்தினாள். காலுறையைக் கழற்றிவிட்டேன். குதிகாலில் புண்.

எதிர்வீட்டுப் பல்கீஸ் அக்கா ஒரு பக்கம் பிடிக்க, இருவருமாகத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு போனோம். அழுகியதை மிஸ்ஸி வெட்டி எடுத்துக் கழுவினார். நான் முகத்தைத் திருப்பவில்லை. அடியில் சிவந்த சதை தெரிந்தது. "பிழைச்சுக்கும், நேரத்துக்குக் கொண்டாந்தீங்க" என்றார்.

அக்கா என்னோடு பேசுவதில்லை. சோற்றைத் தட்டோடு தள்ளிவிடுகிறாள். உங்கள் குரலைக் கேட்க வேண்டும் என்று அழுகிறாள். அவள் போனிலிருந்து உங்கள் எண்ணை நான் நீக்கிவிட்டேன். என் போனுக்கும் அழைக்க வேண்டாம், இந்த முகவரிக்கும் எழுத வேண்டாம். உங்கள் மேல் எனக்கு இப்போது கோபம்கூட இல்லை. உங்கள் கடிதத்தைத் திறந்தால் கை கழுவத் தோன்றுகிறது.

நாளை காலை கட்டு மாற்றப் போக வேண்டும். வரமாட்டேன் என்கிறாள். தூக்கிக்கொண்டாவது போவேன்.

தினேஸ்வரி