ராசாவுக்கு ஒன்று, ராசாத்திக்கு ஒன்று

நேற்று ஓடிய ஓட்டத்தின் நம்பர் தாள் மேஜை மேல் கிடக்கிறது. நம் பிரஸ்ஸில் அடித்ததுதான். நெஞ்சில் குத்திக்கொண்டு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடி, வியர்வையில் ஊறிக் கசங்கியும் மை வாசனை போகவில்லை. ஏழாம் எண்ணின் கால் கொஞ்சம் இழுகியிருக்கிறது. நீ இருந்திருந்தால், "காயுறதுக்கு முந்தி ஏம்லே அடுக்குறீக? தீவாளிக்குப் போற லோடா இது?" என்று மெஷினையே நிறுத்தியிருப்பாய். இப்போது யாரும் கத்துவதில்லை. இழுகினால் இழுகினதுதான்.

முழு மராத்தான். சிரிக்காதே. விருதுநகரில் கிளம்பி, ஆமத்தூர் வழியாகத் திருத்தங்கல் வந்து, திரும்பி மறுபடி விருதுநகர். பிள்ளை பெற்றவர்களுக்கும், பெற்றுப் பறிகொடுத்தவர்களுக்கும் துணை நிற்கிற ஓர் அமைப்புக்காகப் பணம் திரட்டத்தான் இந்த ஓட்டம். அவர்கள் ஆஸ்பத்திரிக்கே ஆள் அனுப்புகிறார்கள். அழுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன நடந்தது என்று பொறுமையாகக் கேட்கிறார்கள். அன்றைக்கு நமக்கு அப்படி ஒருவரும் வாய்க்கவில்லை.

நன்கொடைக்காகச் சாத்தூரில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி முதலாளியைப் போய்ப் பார்த்தேன். "கோயில் கொடைன்னா கேளுங்க, தாரேன். பிள்ளை பெத்தவனுக்கு எதுக்கு நன்கொடை? பிள்ளை இல்லாதவனுக்குக் குடுத்தாலும் ஒரு அர்த்தம் இருக்கு" என்றார். "நான் அந்த ரகம்தான் அண்ணாச்சி" என்றேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டார். அவர் முழித்த முழியை யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. வீட்டில் சொல்ல முடியாது. நீ தங்கச்சி, தங்கச்சி என்று கூப்பிடுவாயே, என் மனைவி, அவள் இந்தப் பேச்சை எடுத்தாலே அடுப்படிக்குப் போய்விடுவாள். பஸ் பிடித்து வந்து சாப்பிட்டுப் படுத்தேன்.

பத்தொன்பது வருடம் ஆகிறது. தை மாதம். காலண்டர் சீசன் முடிந்து மெஷின்கள் சும்மா கிடந்த நேரம். மற்ற ஊர்க்காரர்கள் சந்தோஷம் வந்தால் இனிப்பு வாங்குவார்கள். சிவகாசிக்காரனுக்கு எதையாவது அச்சடித்தால்தான் திருப்தி. நீ முதலாளியிடம் கேட்டு, மீந்துபோன ஆர்ட் பேப்பரில், எனக்குத் தெரியாமல், பிறக்கப்போகிற என் பிள்ளைக்கு ஒரு காலண்டர் அடித்தாய். பன்னிரண்டு தாள். ஒவ்வொன்றிலும் போட்டோ ஒட்ட ஒரு வெற்றுக் கட்டம், அடியில் முதல் சிரிப்பு, முதல் பல், முதல் நடை என்று எழுத்து. என்ன பிள்ளை என்று தெரியாதே, அதனால் இரண்டு விதமாக அடித்தாய். 'எங்க வீட்டு ராசா' என்று தலைப்பிட்டு ஒன்று, 'எங்க வீட்டு ராசாத்தி' என்று ஒன்று.

இரண்டு சுருளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரி மாடிப்படியில் மூச்சிரைக்க ஏறி வந்தாய். "மாப்ள, எதைப் பிரிக்கட்டும்? ராசாவா, ராசாத்தியா?"

பிள்ளை உயிரில்லாமல் பிறந்து அப்போது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

நம் பக்கத்தில் பிறக்கும் முன்னே பிள்ளைக்கு ஒரு சட்டைகூட வாங்க மாட்டார்கள். பழைய வேட்டியைத் துவைத்துக் கிழித்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். அது உனக்கும் தெரியும், ஆசையில் மறந்துவிட்டாய். நான் அந்தச் சுருள்களைப் பிடுங்கித் தரையில் எறிந்தேன். "தொட்டில் வாங்கவே பயந்துக்கிட்டுக் கெடந்தோம்லே. நீ அச்சே அடிச்சிட்டயே! நீதாம்லே எம் பிள்ளைய முழுங்கிட்ட!" வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ குனிந்து சிதறிய தாள்களைப் பொறுக்கினாய். அந்த நேரத்திலும் கைப்பழக்கம் விடாமல், ஓரம் சேர்த்துத் தட்டிச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போனாய்.

நாற்பது நாள் கழித்து, விடிகிற நேரத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாய். "சுகருன்னு சொல்லிட்டாக மாப்ள. நடக்கணுமாம். தனியாப் போக நாய்க்குப் பயமா இருக்கு, வா." உனக்குச் சுகரே கிடையாது என்று ரொம்ப நாளுக்குப் பிறகு உன் வீட்டுக்காரம்மா சொல்லித்தான் தெரிந்தது. நடை மெல்ல ஓட்டமானது. உன் தொப்பை முன்னால் ஓட, நீ பின்னால் ஓடுவாய். பட்டாசு யூனிட்டுக்குப் போகிற வேன்களில் இருந்து பெண்கள் தலையை நீட்டி, "யாரு வெரட்டுதா அண்ணாச்சி?" என்பார்கள். "நேத்து மிஞ்சுன உப்புமாம்மா!" என்று பதில் கத்துவாய். வேனே சிரித்துக்கொண்டு போகும். பதினேழு வருடம் அந்த ரோட்டில் எல்லாக் கதையும் பேசினோம். ஆஸ்பத்திரிப் படிப் பேச்சை மட்டும் நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ள ஒரு வார்த்தை போதும். நாளைக்குச் சொல்லலாம் என்று எத்தனையோ காலையில் நினைத்தேன். பிறகு ஐப்பசி மழையில் உனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. நான்கே நாள், போய்விட்டாய்.

போன மாதம் நன்கொடைச் சீட்டோடு உன் வீட்டுக்கும் போனேன். உன் மகளுக்கு ஏழாம் மாதம். "வளைகாப்புக் கார்டு என் பொறுப்பு, நானே நின்னு அடிச்சுத் தாரேன்" என்றேன். உன் வீட்டுக்காரம்மா அவசரமாக மறுத்துத் தலையாட்டினார்.

"வேண்டாம்ண்ணே. இவ கல்யாணத்துக்கு எம்புட்டு ஆசையாக் கார்டு அடிச்சாக, பாத்தீகள்ல. அப்பவே சொல்லிட்டாக, இவ உண்டானா, பிள்ளை கைக்கு வார வரைக்கும் ஒரு தாள்கூட மெஷின்ல ஏறக் கூடாதுன்னு. ஏன்னு கேட்டேன். 'எங் கை ராசி அப்படி'ன்னாக."

கொடுத்த காப்பியைப் பாதியிலேயே வைத்தேன். எழுந்து வந்துவிட்டேன்.

நேற்று ஓடும்போது அந்தக் கை ராசிப் பேச்சுதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. என்னோடு ஓடியவர்கள் எல்லாம் காதில் பாட்டு மாட்டிய இளவட்டங்கள். திருத்தங்கல் டீக்கடைப் பக்கம், நாம் வழக்கமாகத் திரும்புகிற இடத்தில்தான் அவர்களும் திருப்பம் வைத்திருந்தார்கள். ஆரஞ்சுச் சுளை கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு, பழக்கதோஷத்தில் இடது பக்கம் பார்த்தேன். யாரும் இல்லை. அங்கிருந்து விருதுநகர் வரைக்கும் நான் பட்ட தனிமையை எழுத எனக்குத் தெரியவில்லை. உன் வீட்டில் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓடினேன், பாதி தூரம் நடந்தேன்.

முடிந்ததும் பதக்கத்தோடு நேரே உன் வீட்டுக்குத்தான் போனேன். முழங்கால் மடங்கவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"அவன் கை ராசியெல்லாம் ஒண்ணுமில்லம்மா. அன்னைக்கு எம் பிள்ளைக்குக் கழுத்துல கொடி சுத்தியிருந்துச்சு. யாரு மேலயும் தப்பில்லன்னு டாக்டரே சொன்னாரு. பழிய அவன் தலையில போட்டது நான்தான்."

உன் வீட்டுக்காரம்மா ஒரு நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டார். திட்டியிருந்தால் தேவலை.

"இத அவுககிட்டச் சொல்லிருக்கலாமேண்ணே" என்றார்.

உன் மகள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கார்டு அடிங்க மாமா. அப்பா பேரை மேல போடுங்க" என்றாள். சரி என்றேன்.

ஆனால் ஒன்றை அவர்களிடமும் சொல்லவில்லை. டாக்டர் எப்போது சொன்னார் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். நீ படியேறி வருவதற்கு முன்பே சொல்லிவிட்டார். என் தோளைத் தொட்டு, எனக்கு விளங்கட்டும் என்று இரண்டு தடவை சொன்னார். தெரிந்துதான் உன்னைச் சொன்னேன். யார் மேலாவது பழி போடாமல் என்னால் நிற்க முடியவில்லை. சொந்தபந்தமெல்லாம் மறுநாள்தான் வந்தார்கள். அன்றைக்கு ஓடி வந்தவன் நீ ஒருவன்தான்.