ஈயக் குண்டுக்குச் சுற்றிய தாள்

இன்று அச்சகத்தில் தேய்ந்த எழுத்துகளை உருக்கினார்கள். ஈய வாடை மூக்கில் ஏறியதும் பிழை திருத்தும் வேலை ஓடவில்லை. ரங்கூனில் அந்த வாடையைச் சட்டையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தவன் நீ ஒருவன்தான்.

துப்பாக்கி பழுதுபார்க்கும் கடையில் உனக்கு வேலை. மாவ்பியில் வயல் வைத்திருந்த பர்மாக்காரர் ஊ சானின் பழைய ரைஃபிளுக்குத் தோட்டா வருவது நின்றுபோயிருந்தது; பன்றிகள் அவர் நெல்லை அழித்தன. நீயே ஈயத்தை வார்த்துக் குண்டு செய்தாய். வெறும் ஈயம் குழலுக்குள் அப்பிக்கொள்கிறது என்று, குண்டின்மேல் ஈரத்தாளைச் சுற்றி உலர்த்தினாய். அந்தத் தாள், அச்சகத்தில் கழித்துப்போட்டதை நான் கொடுத்தது.

நான் லேசில் யாரையும் நம்பமாட்டேன். உனக்கே தெரியும். ஒரு ஞாயிறு உன்னோடு மாவ்பிக்கு வந்தேன். சுட்டவன் இலக்கைப் பார்ப்பான். நீயோ துப்பாக்கியை வைத்துவிட்டு முன்னால் ஓடி, புல்லில் சிதறிய தாள் கிழிசல்களைப் பொறுக்கித் தகர டப்பாவில் போட்டாய். ஒவ்வொன்றிலும் பென்சிலில் ஏதோ எண்.

"என்ன இது?" என்றேன்.

"உனக்கெதுக்குப்பா? முடியட்டும், சொல்றேன்" என்று டப்பாவை மூடினாய்.

அங்கே பிடித்தது சனி. வெள்ளைக்காரர்களின் இரட்டை ஆட்சி வந்திருந்த புதிது; டீக்கடையில் இருவர் தலைகுனிந்து பேசினாலே வேவு என்றார்கள். அந்த எண்கள் யாருக்குச் சேதி? மாட்டினால், தாள் கொடுத்த நானும் உள்ளே போவேனே. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் போலீசுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போட்டேன்.

வார்ப்பு அச்சு, டப்பா, குண்டு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு உன்னையும் கூட்டிப்போனார்கள். பத்து நாளில் ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார்கள். கடைக்காரர் மட்டும் உன்னைத் திரும்பச் சேர்க்கவில்லை.

அன்று மாலை என் வீட்டுக்கு வந்தாய். "எந்தத் தாள் குழலுக்குள்ளயே கிழியுது, எது வெளிய வந்து கிழியுதுன்னு பார்க்கத்தான் நம்பர் போட்டேன். நீ குடுத்த தாள்தான் நல்லா வந்துச்சு. முடிஞ்சதும் உங்கிட்டதான் மொதல்ல சொல்லணும்னு இருந்தேன்" என்றாய். பிறகு, "எழுதிப்போட்டது பக்கத்து வீட்டு மேஸ்திரியா இருக்குமோ?" என்று கேட்டாய்.

"இருக்கும்" என்றேன்.

தெரிந்துகொண்டேதான் கேட்டாயோ என்று இன்றும் எனக்குச் சந்தேகம். அப்படியிருந்தால்கூடக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

அதன்பின் மேஸ்திரியின் முகத்தில் நீ விழித்ததில்லை. ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் மூட்டை தூக்கப் போனாய். இரண்டாம் மழைக்காலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. பாடை தூக்க முதலில் குனிந்தவர் அந்த மேஸ்திரிதான். உன் மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

"இந்தாளு தொடக் கூடாது. நீங்க பிடிங்கண்ணே" என்று என்னைக் கூப்பிட்டாள்.

மேஸ்திரி ஒதுங்கிக்கொண்டார். நான் போய்ப் பிடித்தேன்.