சுபைதாவின் வயிற்றில் இருந்தது

1931 ஜூலை 6, திங்கள்
விடியலிலிருந்து தூறல். கண்டிக் கடையில் குடை நன்றாகப் போனது. மாலை அலவத்துகொட வீடு வந்தால் மனைவி சுபைதா மறுபடி வாந்தி. கல்யாணத்தின்போது இருந்த உடம்பில் பாதி இல்லை. வயிறு மட்டும் மேடு. முழுகாமல் இருக்கிறாள் என்று என் உம்மா ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. "ஆம்புளப் புள்ளதான். பாரு, என்ன கல்லு மாதிரி ஈக்கி!"

ஜூலை 9, வியாழன்
மருத்துவிச்சி வந்தாள். அமுக்கிப் பார்த்தாள், காதை வைத்துக் கேட்டாள். "புள்ளண்டா அசையணும். இது அசையல்ல."
உம்மா விடவில்லை. "எங்கட குடும்பத்துல புள்ளைகள் அடக்கமாத்தான் ஈக்கும்."
சுபைதா சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள்.

ஜூலை 11, சனி
கடை பூட்டு. மூவரும் பஸ்ஸில் கண்டி ஆஸ்பத்திரி. யாழ்ப்பாணத்து டாக்டர், மெல்லிய குரல். முக்காட்டை விலக்கச் சொன்னார். காதோரம் முடியே இல்லை. ஒரே வீட்டில் இருந்தும் நான் கண்டதில்லை.
"தங்கச்சி, முடியைச் சாப்பிடுறனீங்களோ?"
ஆமென்று தலையாட்டினாள். "ஓ. சின்ன வயசுலருந்து. நிப்பாட்ட ஏலாம ஈக்கி."
டாக்டர் என்னைப் பார்த்தார். "பிள்ளை இல்லை, தம்பி. வயித்துக்குள்ள முடி உருண்டை. வெட்டி எடுக்காட்டி ஆள் தப்பாது."
உம்மா: "முடியா? எங்கட வீட்டுல சோறு இல்லயா?"

ஜூலை 14, செவ்வாய்
ஆபரேஷன். குளோரோபோம் வாசம் விறாந்தை வரை. உம்மா தஸ்பீஹ் மணி உருட்டினார். நான் ஓதத் தொடங்கியதெல்லாம் பாதியில் மறந்துபோனது.
கதவு திறந்தது. "ஆள் சுகம்," என்றார் டாக்டர். கையில் தட்டு. அதில் அந்த உருண்டை. கறுப்பு, பளபளப்பு, இரைப்பையின் அச்சு, நீண்ட வால் வேறு. நனைந்த பூனை சுருண்டு படுத்த மாதிரி. உம்மா குனிந்து பார்த்தார்.
"அல்லாவே! இவ்வளவயும் சுமந்துக்கிட்டா எனக்கு மா இடிச்சுத் தந்தா?"
அழுகை. மருமகளுக்காக, முதல் தடவை.

ஜூலை 26, ஞாயிறு
வீட்டுக்கு வந்தாயிற்று. உம்மாவே அவள் தலையை இறுகப் பின்னித் துணி கட்டிவிடுகிறார். கை வாய்ப்பக்கம் போனால் அவித்த கடலை கொடுக்கிறார்.
பிற்பகல் அயல் பெண்கள் நாலைந்து பேர், குழந்தையைக் குளிப்பாட்டச் சவர்க்காரம், குழந்தைச் சட்டையுடன். விஷயம் தெரியாது; பிள்ளை பெற்று வந்திருக்கிறாள் என்று நினைப்பு. வாசலிலேயே கேள்வி: "என்ன புள்ள, ஆணா பொண்ணா?"
உம்மா சட்டையை வாங்கிக்கொண்டார். "புள்ள இல்ல. முடி. ஆனா நல்ல கனம்."
உள்ளே சுபைதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "மாமி, இப்பிடியெல்லாம் செல்லாதீங்க! சிரிச்சா தையல் பிஞ்சிரும்!"