ஒப்பீட்டு நுண்நோக்கி

ஷா ஆலம்
2.2.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

அதிரா எழுதுகிறேன். நானும் ஹைக்கலும் சுகம். நீ, அண்ணி, அப்பா எல்லாரும் எப்படி? போனில் பேசினால் எனக்கு அழுகைதான் முந்திக்கொள்கிறது. அதனால் வழக்கம்போல் பேனா.

புது வேலை பிடித்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய கையெழுத்துகளைச் சோதித்துச் சொல்லும் அலுவலகம். நேற்று என் மேசைக்கு ஓர் ஒப்பீட்டு நுண்நோக்கி வந்தது. பழகிக்கொள்ள, ஒரே ஆள் எழுதிய இரண்டு தாள்களை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார் மேலதிகாரி நோர்மா. என்னிடம் இருப்பவை அப்பாவின் கடிதங்கள்தான். ஹாஸ்டலுக்கு எழுதியது ஒன்று. மதம் மாறி ஹைக்கலைக் கட்டிக்கொண்ட பிறகு, ‘இனி இந்த வீட்டு வாசலை மிதிக்காதே’ என்று எழுதியது மற்றொன்று. பதினொரு வருடமாக அதை எறிய மனம் வரவில்லை. அப்பா எழுதியதாயிற்றே.

மார்ச்சில் அவருக்கு இருதய ஆப்பரேஷன் என்கிறாய். அதற்குமுன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் அண்ணா. வாசலில் நின்று பார்த்தால்கூடப் போதும். எனக்காக இன்னொரு தடவை கேட்டுப்பார். அந்த வீட்டில் எனக்கென்று இருப்பது நீ ஒருவன்தான்.

அன்புத் தங்கை,
அதிரா


சுங்கை பினாங்
13.2.2025

என் அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. இவ்வளவு தாமதமாக எழுதுகிறாயே என்று அண்ணி குறைப்படுகிறாள். தைப்பூசத்துக்கு அப்பா ரதம் பார்க்கக்கூடக் கீழே இறங்கவில்லை. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது.

நீ சொன்னதைக் கேட்டேன். “அவ பேச்ச எடுக்காத லா” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரைக் கோபப்படுத்தக் கூடாது என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார். ஆப்பரேஷன் முடியட்டும். அவசரப்பட்டு பஸ் ஏறிவிடாதே.

அதென்ன ஒப்பீட்டு நுண்நோக்கி? மாக் மண்டினில் எங்கள் ஃபேக்டரியிலும் நுண்நோக்கி வைத்துத்தான் சர்க்கிட் போர்டு பார்க்கிறார்கள். அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எதுவாக இருந்தாலும் அந்தப் பழைய கடிதத்தை ஆபீசுக்குக் கொண்டுபோகாதே. நம் வீட்டுச் சண்டையை ஊரார் படிக்க வேண்டாம். கிழித்துப் போட்டுவிடு.

உன் அண்ணன்,
தனேஷ்


ஷா ஆலம்
20.2.2025

அண்ணா,

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் ஃபேக்டரியில் இருப்பது ஒரு பொருளைப் பெரிதாக்கிக் காட்டும். ஒப்பீட்டு நுண்நோக்கி என்பது இரண்டு நுண்நோக்கிகளை ஒன்றாக இணைத்தது. இரண்டு மேடை, இரண்டு தாள். கண் வைத்தால் தெரிவது ஒரே வட்டம். நடுவில் மெல்லிய கோடு. இந்தப் பக்கம் ஒரு தாள், அந்தப் பக்கம் மற்றது. துணி நூல், துப்பாக்கிக் குண்டு, கையெழுத்து, எதுவானாலும் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தவைதானா என்று பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இது.

உன் கடிதம் வருவதற்குள் அப்பாவின் இரண்டு கடிதங்களையும் நான் வைத்துப் பார்த்துவிட்டேன்.

அப்பா தன் கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு இழுப்பாரே. பேனா எந்தப் பக்கமாகப் போனது என்பது மையின் தடத்தில் தெரியும். ஹாஸ்டல் கடிதத்தில் அந்தக் கோடு இடமிருந்து வலமாகப் போகிறது. மற்றதில் வலமிருந்து இடமாக. எழுத்துகளும் ஓடவில்லை. பேனா நின்று நின்று, வரைந்ததுபோல நகர்ந்திருக்கிறது. தாளை மாற்றி வைத்துவிட்டேனோ என்று மூன்று முறை எடுத்து வைத்தேன். யாருடைய கடிதம் என்று தெரியாத நோர்மா வந்து குனிந்து பார்த்தார். இரண்டு பேர் எழுதியது, இரண்டாமவர் இடது கைக்காரராக இருக்கலாம் என்றார்.

நம் வீட்டில் இடது கையால் எழுதுவது நீ மட்டும்தான். இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. நான் நம்பிவிடுகிறேன்.

அதிரா


சுங்கை பினாங்
1.3.2025

அதிரா,

இல்லை என்று நாலு தாள் எழுதிக் கிழித்தேன். நான்தான் எழுதினேன்.

அப்போது எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். “உங்க மக இனிமே வீட்டுக்கு வந்து போகுமா?” என்று பெண் வீட்டார் கேட்டார்கள். “எம் மக இங்க வராம எங்க போவா?” என்றார் அப்பா. பேச்சு முறிய இருந்தது. என் கல்யாணம் முடியும்வரை நீ வராமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். ஆறு மாதம்தான். பிறகு சொல்ல வாய் வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அப்பா உன்னைத் தேடிக் கிளம்பினார். அவரை நிறுத்த, ‘என்னைத் தேடி வராதீர்கள்’ என்று உன் பெயரில் ஒரு கடிதம் எழுதி அவர் கையில் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் உன்னைப் பற்றிப் பேசுவதே இல்லை. நீ கேட்கச் சொன்ன எதையும் நான் அவரிடம் கேட்டதும் இல்லை.

ஆப்பரேஷன் பதினெட்டாம் தேதி. வா. ஆனால் இதை அவரிடம் சொல்லிவிடாதே. அவர் நெஞ்சு தாங்காது.

தனேஷ்


ஷா ஆலம்
9.3.2025

தனேஷ் அண்ணனுக்கு,

நேற்று நீ ஷிப்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்தேன். அண்ணி கதவைத் திறந்தார். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நோன்பா? அப்ப தண்ணிகூடக் குடிக்க மாட்டே” என்றார். பதினொரு வருடத்துக்குப் பிறகு அவ்வளவுதான் கேட்டார். அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

நீ சொன்னபடி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவராகவே அலமாரியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துவரச் சொன்னார். என் பெயரில் நீ எழுதியது.

“இது அவன் எழுதுனது. அன்னைக்கே தெரியும்” என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“எம் புள்ளைங்க எழுத்து எனக்குத் தெரியாதா?”

தெரிந்துமா என்னைத் தேடவில்லை? அவர் கடிதத்தை மடித்து வைத்தார். பிறகு சொன்னார்: “கேட்டா அவன் வீட்ட விட்டுப் போயிருவான். ஒன்னு ஏற்கெனவே போயிருச்சு. இருக்கறதையும் தொலைக்கப் பயமா இருந்துச்சு. நீயா வருவேன்னு இருந்தேன்.”

தனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியவேண்டாம் என்றார். நீ அவரிடம் சொல்லாதே என்கிறாய், அவர் உன்னிடம் சொல்லாதே என்கிறார். மறைத்ததெல்லாம் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

உன்மேல் இருக்கும் கோபத்தைவிட என்மேல் அதிகமாக இருக்கிறது. எந்தக் கருவியும் இல்லாமல் அவர் உன் எழுத்தைக் கண்டுகொண்டார். நானோ அவர் பெயர் போட்ட கடிதத்தைப் பதினொரு வருடம் கையில் வைத்துக்கொண்டு, அப்பா இப்படி எழுதுவாரா என்று ஒருநாளும் கேட்கவில்லை.

பதினேழாம் தேதியிலிருந்து ஆஸ்பத்திரியில் நான் இருப்பேன். நீ வா. அவர் முன்னால் இரண்டு பேரும் பேசிக்கொள்ளலாம். எனக்கு இனிக் கடிதம் வேண்டாம். ஆஸ்பத்திரித் தாள்களில் எல்லாம் அப்பாவே கையெழுத்துப் போடட்டும். நீ போடாதே.

அதிரா